டேங்க் நிரப்பினால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, பார்க்கிங்கில் பெட்ரோல் வாடை: பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

ஏரிக்கரைவாசி (மடிப்பாக்கம்) | மே 9, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ்-4, இதுவரை 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக ஒரு தொல்லை. தெரிந்தவர்கள் வழி காட்டுங்கள்.

டேங்கை நிரப்பிவிட்டு பங்கிலேயே சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிப்பதில்லை. ஸ்டார்டர் நன்றாகத்தான் சுற்றுகிறது. நாலைந்து தடவை திருப்பி, ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே முயன்றால்தான் உயிர் வருகிறது. வந்த பிறகும் அரை நிமிஷம் குலுங்கும், நின்றுவிடப் பார்க்கும், சைலன்ஸரில் பெட்ரோல் வாடை அடிக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். கால் டேங்க், அரை டேங்க் இருக்கும்போது காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

அடுத்தது வாடை. எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழே, தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங். பகல் முழுக்க வெயிலில் நின்ற வண்டியை ராத்திரி கொண்டுவந்து நிறுத்தினால், காலையில் லிஃப்ட் கதவு திறக்கும்போதே பெட்ரோல் வாடை. பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். வண்டிக்குள்ளும் இருக்கிறது. ஏழு வயது மகள் பின்சீட்டில் ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள், பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தலை வலிக்கிறது என்கிறாள். அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன், பெயர் வேண்டாம். ஃபியூயல் பம்ப்பில் பிரஷர் நிற்கவில்லை என்று பின்சீட்டைத் தூக்கி, பம்ப்பை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மாட்டினார்கள். பிளக் நான்கும் புதிது, த்ராட்டில் பாடி கிளீனிங், எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஸ்கேனரில் ஒரே ஒருமுறை பி0172 என்ற பிழைக்கோடு வந்ததாம், அழித்துவிட்டார்கள். இப்போது பம்ப்பையே மாற்றிவிடலாம் என்கிறார்கள்.

மாற்றலாமா?

ஓஎம்ஆர்_பயணி | மே 9, காலை 8.15

எனக்கென்னவோ 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணமென்று தோன்றுகிறது. உங்கள் வண்டி அதற்கு முன்னால் வந்தது. எத்தனால் இல்லாத பிரீமியம் பெட்ரோல் எங்காவது கிடைத்தால் ஒரு டேங்க் போட்டுப் பாருங்கள்.

கிண்டி_மெக்கானிக் | மே 9, மதியம் 1.30

தம்பி, பம்ப்பைத் தொடாதீர்கள். பணத்தை எடுத்து வையுங்கள், இரண்டு நாள் பொறுங்கள்.

பம்ப் பிரஷர் குறைந்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் எப்படித் தொந்தரவு கொடுக்கும்? காலையில் ஆறிப்போன இன்ஜினில்தான் முதலில் காட்டும். உங்களுக்கு அப்போது ஒரே திருப்பில் பிடிக்கிறது. அந்த பி0172 என்ன சொல்கிறது? பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்கிறது. பம்ப் சோர்ந்துபோனால் நேர் எதிராக, பெட்ரோல் போதவில்லை என்றல்லவா வரும்? எங்கிருந்தோ கணக்கில் வராத பெட்ரோல் இன்ஜினுக்குள் போகிறது. டேங்க் நிரப்பியதும் அது கூடுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் கை முதலில் பர்ஜ் வால்வுக்குத்தான் போகும்.

விஷயம் இதுதான். டேங்கில் இருக்கும் பெட்ரோல் எப்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை வெளியே விடக்கூடாது என்பதற்காக ஒரு கரி டப்பா வைத்திருக்கிறார்கள், கேனிஸ்டர் என்போம். வண்டி நிற்கும்போது ஆவி அந்தக் கரியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓடும்போது, இன்ஜின் சூடேறிய பிறகு, கம்ப்யூட்டர் பர்ஜ் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். இன்ஜின் இழுக்கிற இழுப்பில் டப்பாவின் வென்ட் என்கிற காற்று வாய் வழியாகப் புதுக் காற்று உள்ளே வந்து, கரியில் இருக்கும் ஆவியை வாரிக்கொண்டு மேனிஃபோல்டுக்கு, அதாவது இன்ஜினுக்குக் காற்று போகிற குழாய்க்கு, போய் இன்ஜினில் எரிந்துவிடும். ஸ்டார்ட் செய்யும்போது அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால், டேங்க் நிரப்பும்போது கிளம்புகிற ஆவி மொத்தமும் முதல் திருப்பிலேயே இன்ஜினுக்குள் பாய்ந்து அதைத் திணறடித்துவிடும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஏன் பிடிக்கிறது? த்ராட்டில் திறந்து காற்று கூடுகிறது, அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையில் இதைச் செய்யுங்கள். திறந்த வெளியில் நிறுத்துங்கள், ஸ்டில்ட்டுக்குள் வேண்டாம். பானெட்டைத் திறந்தால் மேனிஃபோல்டு பக்கம் இரண்டு பின் கப்ளரோடு கட்டை விரல் பருமனில் ஒரு வால்வு இருக்கும், ஒரு ஹோஸ் மேனிஃபோல்டுக்கும் இன்னொன்று பின்பக்கம் டேங்குக்கும் போகும். கப்ளரைக் கழற்றிவிடுங்கள். கரன்ட் இல்லையென்றால் வால்வு மூடியிருக்க வேண்டும். இன்ஜினை ஐடிலில் விட்டு, டேங்கிலிருந்து வரும் ஹோஸை வால்விலிருந்து உருவி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். இழுப்பு துளியும் தெரியக்கூடாது. விரல் ஒட்டிக்கொண்டால் வால்வு போய்விட்டது. கப்ளரைக் கழற்றியதால் செக் இன்ஜின் லைட் எரியலாம், பயப்பட வேண்டாம், அழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. டேங்க் மூடியைத் திறக்கும்போது சத்தம் வருகிறதா? வந்தால் காற்று உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று பாருங்கள். டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து மூடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே திறந்தால் தெரிந்துவிடும்.

பெரம்பூர்_கெமிக்கல் | மே 9, மாலை 6.05

மெக்கானிக் அண்ணா சொன்னது முற்றிலும் சரி. கரியைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் சேர்க்கிறேன், என் வேலையே அதுதான்.

இது அடுப்புக்கரி இல்லை. தூண்டப்பட்ட கரி. வீட்டு வாட்டர் ஃபில்டரில் கொட்டாங்குச்சியிலிருந்து செய்த கரி இருக்கிறதே, அந்தக் குடும்பம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். நல்ல கரி ஒரு கிராமை எடுத்து அதன் உட்பரப்பை விரித்துப் போட்டால் 1,000 சதுர மீட்டருக்குக் குறையாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நாலரை கிரவுண்டு. ஒரு சிட்டிகைக் கரிக்குள் அவ்வளவு நிலம். அதில்தான் பெட்ரோல் ஆவி போய் ஒட்டிக்கொள்கிறது, காற்று ஓடினால் விட்டுவிடுகிறது. வருஷக்கணக்கில் இப்படியே பிடித்து விட்டு வேலை செய்யும். ஆனால் அது ஆவிக்காகச் செய்தது. பெட்ரோல் திரவமாகவே உள்ளே போய்விட்டால் துளையெல்லாம் நிரம்பி ஊறிப்போகும், பிறகு ஆவிக்கு இடமிருக்காது.

எத்தனால் பற்றி ஒன்று. கொஞ்சம் எத்தனால் கலந்தாலே பெட்ரோலின் ஆவி அழுத்தம் கூடும் என்பதும், எத்தனாலுக்கென்று செய்யாத ரப்பரில் அது ஊடுருவும் என்பதும் உண்மை. ஆகவே ஓஎம்ஆர் நண்பர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் டேங்க் நிரப்பிய அடுத்த நிமிஷம் மட்டும் ஸ்டார்ட் ஆகாததை அது விளக்கவில்லை.

குழந்தைக்குத் தலைவலி என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து சரியாகும் வரை அவளை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. பிஎஸ்-6 பெட்ரோலில் அதற்கு உச்சவரம்பு 1 சதவீதம், ஆனால் பூட்டிய அறையில் அதுவும் சின்ன விஷயமில்லை. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது.

வேகப்பிரியன் | மே 9, இரவு 9.50

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? கேனிஸ்டரைக் கழற்றிவிட்டு, மேனிஃபோல்டு பக்கம் ஒரு டம்மி போட்டு அடைத்துவிடுங்கள். டேங்க் ஹோஸைக் கீழே தொங்கவிட்டால் முடிந்தது. புகைச் சான்றிதழும் கிடைக்கும், யாரும் பார்க்கப்போவதில்லை.

கிண்டி_மெக்கானிக் | மே 9, இரவு 10.20

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் செய்துவிடக் கூடாது என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாது, தரையில் படியும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் தரையோடு நகர்ந்து மோட்டார் ரூமுக்கோ ஜெனரேட்டர் பக்கமோ போய் நிற்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கூட வேண்டியதில்லை, ஒரு பொறி பட்டால் போதும். மேலே குழந்தைகள் தூங்குகிறார்கள். என் 27 வருஷத்தில் ஒரே ஒரு தீயைத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன், அது போதும் எனக்கு.

புகைச் சான்றிதழ் கிடைக்கும் என்பது நிஜம். அவர்கள் சைலன்ஸரில்தான் குழாயை விடுகிறார்கள், டேங்கிலிருந்து கசிவது அந்த மெஷினுக்குத் தெரியாது. அதனால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரம்பூர்_கெமிக்கல் | மே 9, இரவு 10.45

ஒரு அளவு சொல்கிறேன். புது கார் மாடலுக்கு அனுமதி தரும்போது, அதைக் காற்றுப் புகாத அறையில் பூட்டிவைத்து, சூடேற்றி, மொத்த வண்டியிலிருந்தும் எவ்வளவு பெட்ரோல் ஆவி வெளியே வருகிறது என்று அளப்பார்கள். ஒரு சோதனைக்கு 2 கிராம்தான் வரம்பு. அரை டீஸ்பூன் பெட்ரோல். மொத்த வண்டிக்கும் அவ்வளவுதான். டேங்க் ஹோஸைத் தொங்கவிட்டால் சித்திரை வெயிலில் அதைப்போல பல மடங்கு தினமும் காற்றில் கலக்கும். அந்த ஆவியும் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் உண்டாகும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டம் அப்படித்தான் உருவானது என்று ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950களில் காட்டினார். அதன் பிறகுதான் கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களுக்கு ஆவியைப் பிடிக்கும் இந்த ஏற்பாடு கட்டாயமானது. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

ஏரிக்கரைவாசி | மே 10, காலை 9.10

செய்து பார்த்துவிட்டேன், கை இன்னும் நடுங்குகிறது.

கப்ளரைக் கழற்றிவிட்டு விரலை வைத்தேன். வைத்த மாத்திரத்தில் பிடித்து இழுத்தது. விரலை எடுத்தால் ஐடில் மாறுகிறது, வைத்தால் அடங்குகிறது. நாலு தடவை செய்து பார்த்தேன், நாலு தடவையும் அதேதான்.

டேங்க் மூடியில் டிஷ்யூ பேப்பர் சோதனையும் செய்தேன். மூடியை அரைத் திருப்பு திருப்பியதும் உஸ்ஸென்று ஆறேழு நொடி சத்தம். பேப்பர் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டது. இவ்வளவு நாளும் உள்ளேயிருந்து பிரஷர் வெளியே வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிண்டி_மெக்கானிக் | மே 10, காலை 9.40

அப்படியென்றால் இரண்டு கோளாறு. வால்வு திறந்தே கிடக்கிறது, சரி. ஆனால் வால்வு மட்டும் திறந்திருந்தால் டேங்கில் இவ்வளவு வெற்றிடம் உண்டாகாது, வென்ட் வழியாகக் காற்று வந்து நிரப்பிவிடும். வென்ட்டும் அடைத்திருக்கிறது. அதனால்தான் இன்ஜின் டேங்கையே உறிஞ்சுகிறது. இப்படியே ஓட்டினால் டேங்க் உள்பக்கம் ஒடுங்கிப்போவதும் உண்டு.

வால்வைக் கழற்றுங்கள். கழற்றி, வெள்ளைப் பேப்பர் மேல் தலைகீழாகத் தட்டுங்கள். என்ன விழுகிறது என்று சொல்லுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள், பெரும்பாலான வால்வில் 20 முதல் 30-க்குள் காட்டும்.

ஏரிக்கரைவாசி | மே 10, காலை 11.25

24 ஓம் காட்டுகிறது. பேட்டரியில் வயர் கொடுத்தால் டக் என்ற சத்தம் வருகிறது. ஆனால் கரன்ட் இல்லாதபோதும் வாயால் ஊதினால் காற்று போகிறது.

தட்டினேன். கறுப்பாகக் கேழ்வரகு அளவில் ஏழெட்டு மணிகள் விழுந்தன. ஒன்று நசுங்கித் தூளாகியிருக்கிறது. விரலால் தேய்த்தால் பென்சில் கரி மாதிரி ஒட்டுகிறது.

கிண்டி_மெக்கானிக் | மே 10, மதியம் 12.00

அது கேனிஸ்டர் கரி. டப்பா உள்ளே உடைந்துவிட்டது. கரி மணி பயணம் செய்து வால்வின் சீட்டில் உட்கார்ந்துகொண்டது, அதனால் மூட முடியவில்லை. மின்சாரம் சரியாக இருக்கிறது, அதனால் கம்ப்யூட்டரும் குறை சொல்லவில்லை.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுவார்கள். வால்வை மட்டும் மாற்றிவிட்டுப் போவார்கள், இரண்டு மாதத்தில் புது வால்விலும் கரி போய் உட்காரும். டப்பா, வால்வு இரண்டையும் மாற்ற வேண்டும். நடுவில் உள்ள குழாயையும் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும், இரண்டு முனையையும் கழற்றிவிட்டு. டேங்கோடு சேர்த்து கம்ப்ரஸர் காற்று விடவே கூடாது. இந்த அமைப்பு தாங்குவது ஒரு பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தை. டயருக்கு 30 விடுகிற ஹோஸை அதில் வைத்தால் டேங்க் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன். பங்கில் நாசில் தானாக நின்ற பிறகு மேலே போடச் சொல்வீர்களா?

ஏரிக்கரைவாசி | மே 10, மதியம் 12.20

சொல்வேன். "ரவுண்டா போட்டுடட்டுமா சார்" என்று கேட்பார்கள், சரி என்று தலையாட்டுவேன். 1,870-ல் நின்றால் 2,000 வரை. ஆறு வருஷமாக அதுதான் பழக்கம்.

கிண்டி_மெக்கானிக் | மே 10, மதியம் 12.35

அதுதான். டேங்கின் மேல்பகுதியில் ஆவிக்கென்று கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கிறார்கள். நாசில் நின்ற பிறகு திணித்தால் பெட்ரோல் அந்த இடத்தையும் பிடித்து, ஆவிக் குழாய் வழியாகக் கேனிஸ்டருக்கே போய்விடும். பெரம்பூர் மேடம் சொன்னார்களே, கரி ஊறிப்போகும் என்று. ஊறிய கரி உதிரும்.

வென்ட் பக்கம் என்ன அடைப்பு என்பதையும் பாருங்கள். உங்கள் வண்டியில் டப்பா பின்பக்கம் டேங்குக்குப் பக்கத்தில் கீழே இருக்கும் என்று நினைக்கிறேன். வண்டி எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா?

ஏரிக்கரைவாசி | மே 10, மதியம் 12.50

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எல்லோரும் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நான் யோசித்துக்கொண்டே இருந்ததில் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது. சக்கரம் முக்கால்வாசி வரை ஒன்றரை நாள் நின்றது. உள்ளே தண்ணீர் வரவில்லை, இன்ஜினுக்கும் போகவில்லை. ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து, பிழைத்தோம் என்று நினைத்துவிட்டேன்.

அம்பத்தூர்_லேத் | மே 10, மாலை 4.30

நானும் அந்த வெள்ளத்தில் மாட்டியவன்தான். எல்லோரும் இன்ஜினையும் சீட்டையும் பார்த்தார்கள். கீழே தொங்குகிற இந்த டப்பாவை ஒருவரும் பார்க்கவில்லை. அதன் வென்ட் வாயில் ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும், சேறு புகுந்து காய்ந்தால் சிமென்ட் மாதிரி.

வெள்ளம் வராத வண்டியிலும் அடைக்கும். என் தம்பி வண்டியில் வென்ட் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. குச்சியால் குத்தினால் உள்ளே போய்விடும் என்று குழாயையே கழற்றி, நீளவாக்கில் சாய்த்துத் தட்டி எடுத்தோம். உள்ளே புழுவோடு இருந்தது.

பார்ட்ஸ் விஷயம்: ஜி.பி. ரோட்டில் வால்வு கிடைக்கும். டப்பாவைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்காதீர்கள். மற்ற எதையும் அங்கே பார்த்து வாங்கலாம், கரியின் வயசை வெளியே இருந்து பார்க்க முடியாது.

மென்பொருள்_மாணவன் | மே 10, இரவு 8.40

ஒரு சந்தேகம். யூடியூபில் இதே பிரச்சினைக்கு அமெரிக்க மெக்கானிக்குகள் பி0442, பி0455, பி0456 என்று பிழைக்கோடு பார்த்தே கசிவைச் சொல்லிவிடுகிறார்கள். நம்மவர் வண்டியில் இவ்வளவு நடந்தும் பி0172 தவிர வேறு ஒன்றும் ஏன் வரவில்லை?

கிண்டி_மெக்கானிக் | மே 10, இரவு 9.30

நல்ல கேள்வி, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஓபிடி-2 என்ற சுயபரிசோதனை முறை வந்த 1996-லிருந்து, வண்டி தானே தன் ஆவி அமைப்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். வென்ட்டை மூடி, கொஞ்சம் வெற்றிடம் உண்டாக்கி, டேங்கில் உள்ள பிரஷர் சென்சாரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெற்றிடம் சீக்கிரம் குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். முதலில் 1 மில்லிமீட்டர் ஓட்டை வரை, பிறகு அரை மில்லிமீட்டர் வரை கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கோடுகளெல்லாம் அங்கிருந்து வருபவை.

இங்கே வரும் வண்டிகளில் பெரும்பாலும் வென்ட்டை மூடும் வால்வும் கிடையாது, டேங்க் பிரஷர் சென்சாரும் கிடையாது. பர்ஜ் வால்வின் வயர் அறுந்தால், ஷார்ட் ஆனால் மட்டும் பி0443, பி0444, பி0445 என்று கத்தும். ஹோஸே கழன்று தொங்கினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் "கோடு எதுவும் இல்லை, வண்டி சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூக்கும் விரலும்தான் இங்கே ஸ்கேனர்.

ஸ்கேனரில் பார்க்க ஒன்று இருக்கிறது, ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு. ஐடிலில் அது மைனஸில் நன்றாக இறங்கியிருந்து, டேங்க் பக்க ஹோஸைக் கழற்றி வால்வின் வாயை அடைத்ததும் பூஜ்யத்தை நோக்கி வந்தால், கூடுதல் பெட்ரோல் அந்த வழியாகத்தான் வருகிறது.

ஓடும்போது பானெட்டில் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்டால் அது வால்வு வேலை செய்கிற சத்தம். அதைக் கோளாறு என்று மாற்றியவர்களும் உண்டு.

ஏரிக்கரைவாசி | மே 16, இரவு 10.15

தாமதத்துக்கு மன்னிக்கவும், பார்ட்ஸ் வர நான்கு நாள் ஆகிவிட்டது.

வேளச்சேரியில் தெரிந்த ஒரு மெக்கானிக்கின் லிஃப்டில் ஏற்றி டப்பாவை இறக்கினோம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஃபேன்கூடப் போடாமல் வாசலோரமாக வைத்துச் செய்தார். பழையதையும் புதியதையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தேன். பழையது நன்றாகக் கனத்தது, சாய்த்தால் உள்ளே தண்ணீர் அலம்புவது மாதிரி சத்தம். ஆட்டினால் ஜல்ஜல்லென்று கரி. வென்ட் வாயில் இருந்த ஸ்பாஞ்ச் செங்கல் நிறத்தில் கெட்டியாகியிருந்தது. நகத்தால் கீறினேன், மண் உதிர்ந்தது. அந்த டிசம்பர் வெள்ளம் இன்னும் என் வண்டியிலேயே இருந்திருக்கிறது.

டப்பா, வால்வு, ஆவி ஹோஸ் ஒன்றரை மீட்டர், கிளிப்புகள், கூலி எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய்.

நேராகப் பங்குக்குப் போய் நிரப்பினேன். நாசில் நின்றதும் "போதும்" என்றேன். சாவியைத் திருப்பினேன், ஒரே திருப்பு. இறங்கி வந்து மூடியைத் திரும்பத் திறந்து பார்த்தேன், லேசாக ஒரு மூச்சு, அவ்வளவுதான். பங்கிலிருந்தே அண்ணாவுக்கு எழுதலாம் என்று போனை எடுத்துவிட்டேன், அங்கே போன் பேசக் கூடாது என்று நினைவு வந்து வைத்துவிட்டேன்.

ஆனால் வாடை முழுதாகப் போகவில்லை. பார்க்கிங்கில் பாதியாகக் குறைந்திருக்கிறது. வண்டிக்குள் குறையவே இல்லை.

கிண்டி_மெக்கானிக் | மே 17, காலை 6.50

வண்டிக்குள் வாடை எப்போது ஆரம்பித்தது? மூன்று மாதம் முன்பா, அந்த வொர்க்‌ஷாப்புக்குப் போய்வந்த பிறகா? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். வீட்டில் கேளுங்கள்.

ஏரிக்கரைவாசி | மே 17, காலை 8.05

மனைவியிடம் கேட்டேன். மகள் முதல் தடவை மூக்கைப் பொத்தியது பள்ளி ஆண்டுவிழா ஒத்திகைக்குப் போன நாள் என்று சொன்னாள். வண்டி வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்து மூன்றாவது நாள் அது. அதற்கு முன்னால் பார்க்கிங்கில் மட்டும்தான் வாடை இருந்திருக்கிறது. நான் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிட்டேன்.

கிண்டி_மெக்கானிக் | மே 17, காலை 8.30

பின்சீட்டைத் தூக்குங்கள். கீழே வட்டமாக ஒரு மூடி இருக்கும், அதை எடுத்தால் பம்ப்பின் தலை தெரியும். எதையும் துடைக்காதீர்கள், முதலில் தூசி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். டார்ச் போதும், லைட்டர் கிட்டேயே போகக் கூடாது.

பம்ப்பை ஒருமுறை வெளியே எடுத்தால் அதன் ஓ-ரிங், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், பெட்ரோலில் ஊறிப் பெருத்திருக்கும். பெருத்ததை அப்படியே திரும்ப வைத்தால் பள்ளத்தில் உட்காராது, எங்காவது ஓரிடத்தில் பிதுங்கி மடங்கும். புதியது போடுவதுதான் முறை.

ஏரிக்கரைவாசி | மே 17, காலை 10.40

அண்ணா, கண்ணால் பார்த்துவிட்டேன்.

பம்ப்பின் தலையைச் சுற்றி எல்லா இடத்திலும் சாம்பல் நிறத் தூசி காய்ந்து கிடக்கிறது. இடது பக்கம் மட்டும் பிறை வடிவத்தில், விரல் அகலத்துக்கு, கறுத்து ஈரமாக இருக்கிறது. அதன் மேலேதான் மகள் உட்காருவாள்.

அம்பத்தூர்_லேத் | மே 17, காலை 11.15

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் புகை விட்டுக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மெஷின் வைத்திருக்கிறார், வண்டியைக் கொண்டு வாருங்கள். ஓ-ரிங் மாற்றிய பிறகு மொத்த லைனையும் ஒரே தடவையாகப் பார்த்துவிடலாம். டேங்குக்கு அவர் நைட்ரஜன்தான் விடுவார், காற்று விடமாட்டார், அழுத்தமும் அரை பிஎஸ்ஐதான். முந்தின நாள் பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இருக்கட்டும்.

ஏரிக்கரைவாசி | மே 20, இரவு 9.30

முடிந்தது.

புது ஓ-ரிங் 240 ரூபாய். பம்ப்பைத் தூக்கியதும் பழையது தெரிந்தது, இடது பக்கம் மடிந்து, லாக் ரிங்கின் அடியில் நசுங்கி, ஓரத்தில் வெட்டே விழுந்திருந்தது. புதியதை உலர்ந்த பள்ளத்தில் விரலால் சுற்றிலும் அழுத்தி உட்கார வைத்து, ரிங்கை நேராகத் திருகினார்கள்.

அப்புறம் ஸ்மோக் டெஸ்ட். பர்ஜ் வால்வு பக்கமிருந்து புகையை விட்டு, வென்ட் வாயில் முதலில் புகை வரும்வரை காத்திருந்து, அதை மூடினார்கள். பத்து நிமிஷம் டார்ச் அடித்துக்கொண்டே எல்லா மூட்டையும் பார்த்தார்கள். பம்ப் தலையில் ஒன்றும் இல்லை. டேங்க் கழுத்து ஹோஸில் மேல் கிளிப் அருகே நூல் மாதிரி ஒரு புகைக்கோடு எழுந்தது. ஹோஸை வளைத்துப் பார்த்தால் எலி கடித்த தடம், இரண்டு பல் பதிந்திருந்தது. பார்க்கிங்கில் மிச்சமிருந்த வாடை அதுதான். ஹோஸும் மாற்றியாகிவிட்டது.

அந்த வொர்க்‌ஷாப்புக்கும் போனேன். சண்டை போடவில்லை. பழைய ஓ-ரிங்கை மேஜையில் வைத்து, பம்ப்பைத் திறந்தால் இதை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். மேற்பார்வையாளர் கையில் எடுத்துப் பார்த்தார், பிறகு மெக்கானிக் பையன்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். 1,500 ரூபாய் திரும்பக் கொடுத்தார்கள்.

பெரம்பூர்_கெமிக்கல் | மே 20, இரவு 9.55

நிம்மதியாக இருக்கிறது. பின்சீட்டு ஸ்பாஞ்ச் ஆவியைப் பிடித்து வைத்திருக்கும். சீட்டை மொட்டைமாடியில் இரண்டு நாள் காற்றாட வையுங்கள், அதுவரை மகளை ஏற்ற வேண்டாம். பழைய டப்பா எங்கே இருக்கிறது?

ஏரிக்கரைவாசி | மே 20, இரவு 10.05

வேளச்சேரி மெக்கானிக்கிடமே. உள்ளே பெட்ரோல் இருப்பதால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கிண்டி_மெக்கானிக் | மே 21, காலை 7.10

சரியாகச் சொல்லியிருக்கிறார். 500 கிலோமீட்டர் ஓடியதும் புது வால்வை ஒருமுறை கழற்றி, அதே மாதிரி வெள்ளைப் பேப்பரில் தட்டிப் பாருங்கள். குழாயில் எங்காவது பழைய கரி மிச்சமிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

ஏரிக்கரைவாசி | ஜூன் 8, காலை 8.50

540 கிலோமீட்டர். தட்டினேன். ஒரே ஒரு மணி, பாதி உடைந்தது. குழாயை மறுபடி ஊதிவிட்டேன். வால்வு மூடுகிறது, விரலில் இழுப்பு இல்லை.

இன்றைக்குப் பள்ளிக்கு மகளை அந்த வண்டியில்தான் கொண்டுபோய் விட்டேன். கைவேலிக்கு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.